காது எட்டியவளும் எட்டாதவனும்

வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது, பள்ளிக்கூடம் போகலாம். தொடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் வீட்டில் மண்ணைத் தின்னலாம். பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத எங்கள் பக்கத்தில், தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் நம்பிய ஒரே சான்றிதழ் அந்தக் கைதான்.

அன்று காலையில் அந்தச் சான்றிதழை வழங்குகிறவள் நான். ஒரு முக்காலி, மடியில் ரிஜிஸ்டர், எதிரே வரிசையாகப் பிள்ளைகள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பிள்ளைகள். இரவு பெய்த மழை ஓட்டு விளிம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது போல இப்போது நினைவு வருகிறது. நினைவு இப்படித்தான், நடந்ததற்கெல்லாம் தாளம் போட்டு வைத்துக்கொள்கிறது.

மல்லிகா வந்தாள். கையைத் தூக்கினாள். காது மடலைப் பிடித்து இழுத்தும் காட்டினாள்.

அவளுக்குப் பின்னால் செல்வம். அவன் விரல்கள் காதுக்கு இரண்டு விரற்கடை மேலே, முடிக்குள் நின்றுவிட்டன.

“இவன் யாரு உனக்கு?” என்று கேட்டேன்.

“என் தம்பி” என்றாள் மல்லிகா.

அவள் பெயருக்கு நேரே ஆறு என்று எழுதினேன். அவன் பெயருக்கு நேரே நான்கு. இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அப்போது மிக அழகாக இருக்கும்.

மல்லாட்டைக் கிடங்கு

கடலூரின் பழைய பட்டினத்தை நாங்கள் ஓ.டி. என்போம். அங்கே துறைமுகத்தை ஒட்டி வேர்க்கடலை மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. வேர்க்கடலை என்று மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்கு அது மல்லாட்டை. அந்தக் கிடங்கைத்தான் முகாமாக்கினார்கள், பெற்றவர்கள் கூட வராத பிள்ளைகளுக்கு மட்டும்.

ஏன் கூட வரவில்லை? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காரணம். அங்கே ஆட்சியைப் பட்டாளம் பிடித்துவிட்டது, நம் ஆட்களின் கடைகள் போய்விட்டன, வந்த கப்பலில் எல்லோரும் ஊர் திரும்பினார்கள் என்பது பேப்பரில் வந்த கதை. வடக்கே ரயில் பாதையோரம் பட்டாளத்துக்கும் புரட்சிக்காரர்களுக்கும் நடந்த சண்டை அவ்வளவாகப் பேப்பரில் வரவில்லை. பாலம் ஒன்று வெடித்தது. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் பிள்ளைகள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மல்லிகாவும் செல்வமும் அப்படி வந்தவர்கள்தான். அப்பா அதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டார்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை, எந்த வாடகை அறையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கத் தெரியாதவள். முகாமுக்கு ஆள் வேண்டும் என்றபோது ஊரிலுள்ள எல்லோருக்கும் குடும்பம் இருந்தது, எனக்கு இல்லை. ஆகவே பிள்ளைகள் பகுதி முழுவதும் என் பொறுப்பு. பால், அம்மை ஊசி, துணி, யார் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்.

எனக்கு மேலே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர். ஆர்.ஐ. என்றே எல்லோரும் கூப்பிடுவோம். எனக்குத் துணை பாக்கியம் அக்கா. தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கிற குடும்பம் அவருடையது. பால் பவுடரை அண்டாவில் கரைத்துக் காய்ச்சுவது அவர் வேலை. துடுப்புப் போடுகிற மாதிரியே பாலைக் கிண்டுவார்.

முதல் நாள், பிள்ளைகள் கன்னத்தில் வெள்ளையாக எதையோ அரைத்துப் பூசிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து, “இன்னா டீச்சரு, இதுங்களுக்கு மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சி வுட்டுருக்காங்க?” என்றார். அது பர்மாவில் வெயிலுக்குப் பூசும் ஒரு மரப்பட்டைச் சாந்து. பத்து நாளில் தீர்ந்துவிட்டது. கன்னங்கள் நம் ஊர்க் கன்னங்கள் ஆயின.

கிடங்கு முழுக்க எண்ணெய் வாடை. பாலிலும் அந்த வாடை ஏறியிருக்கும். தரை வெடிப்பில் சிக்கிய பழைய மல்லாட்டைப் பருப்பைக் குச்சியால் கிளறித் தின்னும் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி எழுப்புவதே என் காலை வேலை.

என் சொந்தக் காது

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானே அந்தப் பரீட்சையில் தேறாதவள்.

என்னைப் பள்ளியில் சேர்க்க என் அப்பா அழைத்துப்போனபோது எனக்கு நாலரை வயதுதான் இருக்கும். வழியெல்லாம், “தலைய லேசா சாச்சிக்க பாப்பா, கைய வெரசா தூக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் சாய்த்த சாய்ப்பில் தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். “கழுத்து சுளுக்கிக்கப் போவுது, சேத்துக்கிறேன் போங்க” என்றார்.

அந்தக் கை எவ்வளவு பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வேலையை நம்மிடம் கொடுத்து, கூடவே ரிஜிஸ்டரையும் கொடுத்துவிட்டால், நமக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

காது எட்டியவர்கள் சிதம்பரத்துக்கு. அங்கே ஒரு தொண்டு விடுதி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். எட்டாதவர்கள் கடலூரிலேயே, பால் பகுதியில். மல்லிகா மறுநாளே வேனில் ஏறினாள். செல்வம் அழவில்லை. ஏறும்போது அவள், “ராத்திரிக்கு வந்துடுவேன்டா” என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரோ அவளுக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். நானாகவும் இருக்கலாம்.

இரண்டு குவளை

மூன்றாம் நாள் பாக்கியம் அக்கா என்னைக் கூப்பிட்டார். “டீச்சரு, இந்தப் பையன் பண்ற கூத்தப் பாருங்க.”

பால் வரிசையில் செல்வம் இரண்டு அலுமினியக் குவளைகளோடு நின்றான். ஒரு குவளைப் பால்தான் தருவோம். வாங்கியதும் ஓரமாக உட்கார்ந்து, பாதியை இன்னொரு குவளையில் ஊற்றினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தரையோடு முகத்தைச் சாய்த்து, மட்டம் சரியா என்று பார்த்தான். பிறகு ஒன்றைக் குடித்தான். மற்றது அப்படியே இருந்தது. மத்தியானத்தில் அதன்மேல் ஆடை படர்ந்து, ஈ உட்கார்ந்தது. சாயங்காலம் அவனே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவி வைத்தான்.

தினமும் இது நடந்தது. குவளையைப் பிடுங்கிப் பார்த்தோம். தேங்காய் ஓடு ஒன்றைத் தேடி எடுத்து அதில் ஊற்றினான். முழுவதையும் குடித்தால்தான் ஆச்சு என்று மிரட்டினோம். குடித்துவிட்டு வாந்தி எடுத்தான்.

“பெரிய மன்சன் மாதிரி பங்கு போடுறியேடா, எவ வந்து குடிக்கப்போறா?” என்று பாக்கியம் அக்கா அவன் தலையில் செல்லமாகக் குட்டுவார். அவன், “மல்லிகா” என்பான்.

கால்கள் குச்சியாயின. ஒரு வாரம் காய்ச்சல். முகாமில் மற்றப் பிள்ளைகளுக்குப் பரவும் என்று ஆர்.ஐ. பயந்ததால், அவனை என் அறைக்குக் கூட்டிப்போனேன். பூனைக்குட்டி போலச் சுருண்டு என் முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். காய்ச்சல் விட்ட பிறகும் நான் அவனைக் கிடங்கில் படுக்கவைக்கவில்லை. காலையில் அழைத்துவருவேன், மாலையில் அழைத்துப்போவேன்.

அந்த அறைக்கு முதல் தடவையாக ஒரு தொட்டிச் செடி வாங்கி வைத்தேன்.

மைமூன் அக்கா சொன்னது

ஒரு திங்கட்கிழமை. ஆர்.ஐ. ஓர் உத்தரவோடு வந்தார். பால் பகுதிப் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றி வடக்கே தூரத்திலுள்ள பெரிய முகாமுக்கு அனுப்ப வேண்டும். கடலூர்க் கிடங்கு மூடப்படுகிறது.

அதே மத்தியானம் மங்கலம்பேட்டையிலிருந்து மைமூன் அக்கா வந்தார். இவர்தான் பிள்ளைகளைக் கப்பலில் அழைத்துவந்த பக்கத்து வீட்டுக்காரர். சென்னைத் துறைமுகத்தில் எங்கள் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்தார். பிள்ளைகளைப் பார்க்க ஒரு பொட்டலம் இனிப்போடு வந்திருந்தார்.

“பொண்ணு எங்கம்மா?”

“சிதம்பரத்துல. பெரியவ இல்லியா, படிக்கப் போட்டிருக்கோம்.”

“பெரியவளா?” மைமூன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “யம்மா, ரெட்டப் புள்ளைங்கம்மா அதுங்க! நான்தான் பக்கத்துல இருந்தேன் பெறக்கச்சொல்ல. அவ முன்னாடி வந்தா, அர மணி கழிச்சி இவன் வந்தான். அதான் தம்பி தம்பிம்பா.”

நான் செல்வத்தின் குச்சிக் கைகளைப் பார்த்தேன்.

“இவன் மட்டும் ஏன் இப்டி…”

“அதுக்கு யாரு இன்னா பண்றது? பாலம் வெடிச்ச நாள்லேந்து சோத்துக்குத் தட்டு. கப்பல்லயும் அப்டித்தான். குடுக்கறதுல பாதிய அவளுக்குத் தள்ளுவான். அந்தக் கழுத தன்னோடதயும் தின்னுட்டு இவன் தர்றதயும் தின்னும். அல்லா மேல ஆணையா நான் எத்தினியோ சொல்லிப் பாத்துட்டேன். அம்மா சொல்லிட்டுப் போயிருக்காளாம், அவளப் பாத்துக்கன்னு.”

அன்று நான் அளந்தது வயதை அல்ல.

ஆர்.ஐ.யிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது ஊர் வெள்ளம் பார்த்த களைப்பு முகம். ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“காது எட்டலன்னு எழுதனது யாரு? கையெழுத்து யாருது? வாய் வார்த்தைய எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லம்மா. ஒண்ணு சொல்றேன். செதம்பரத்துல அந்தம்மா சேத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா நான் பட்டியல்ல அடிச்சிடறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள.”

இரண்டு நாள்

நேராகச் செவ்வாய்க்கிழமை காலையே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

ஏறவில்லை. செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. யார் கேட்டாலும் அம்மை ஊசிக் கணக்கு முடியவில்லை என்றேன். பாக்கியம் அக்கா ஒருத்திதான் பாலைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நீயே வெச்சிக்கயேன் டீச்சரு. லாரிக்காரங்கிட்ட ஒரு தலை கொறஞ்சா யாரு எண்ணப்போறாங்க? நான் வாயத் தொறக்கமாட்டேன்.”

“சும்மா இருங்கக்கா.”

“நான் சும்மா இருப்பேன். நீதான் ரெண்டு நாளா சும்மா இல்ல.”

இருபது வருஷமாக இதை எழுதாமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாள் நான் அவனை வைத்துக்கொண்டேன். செவ்வாய் மாலை அவனுக்குச் சட்டை தைக்கத் துணி எடுத்தேன். புதன் மாலை தேவனாம்பட்டினக் கடற்கரையில் அவன் அலையை முதல் தடவையாகப் பார்த்துச் சிரித்தான். கப்பலில் அத்தனை நாள் வந்தவன் அலையைப் பார்த்ததே இல்லையாம், அடித்தட்டில் ஜன்னல் இல்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

அன்று நான் வாங்கித்தந்த சுண்டலை அவன் மணலில் இரண்டு குவியலாகப் பிரித்தான். ஒன்றை என்னிடம் தள்ளுவான் என்று நினைத்தேன். தள்ளவில்லை. பொட்டலக் காகிதத்தில் மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் நிலையத்தில் நின்றேன்.

அரை டிக்கெட்

“மடியில ஒக்கார வெச்சிக்கம்மா. இந்தப் பொடிசுக்கு எதுக்கு டிக்கெட்டு?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க, அரை டிக்கெட் குடுங்க. இவனுக்கு ஆறு வயசு.”

கண்டக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஊரே வயச கொறச்சிச் சொல்லி ஏமாத்துது. நீங்க ஒருத்தங்கதாம்மா ஏத்திச் சொல்றீங்க” என்று கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். செல்வத்துக்கு ஆறு வயது என்று எழுத்தில் கிடைத்த முதல் சாட்சி அது. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

குடிகாட்டைத் தாண்டும்போது இப்போதெல்லாம் ரசாயன ஆலை நாற்றத்துக்குப் பயந்து பஸ் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அன்று சவுக்குத் தோப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பிறகு மழைத் தண்ணீர் பழுப்பாக ஓடும் வெள்ளாறு. பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது செல்வம் என் கையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். பாலம் முடிந்த பிறகும் திறக்கவில்லை. “தாண்டிட்டோம்டா” என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எட்டாத இரண்டு கைகள்

விடுதி, கீழவீதியைத் தாண்டிய ஒரு சந்தில். கண்காணிப்பாளர் எஸ்தர் அம்மா. வெள்ளைச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அரை டிக்கெட்டைக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“எனக்கு நம்பிக்கை இருக்கு டீச்சர். ஆனா நான் ஒண்ணு சேத்தா, நாளைக்குப் பத்துப் பேரு வருவாங்க. பால்குடிங்களப் பாத்துக்க இங்க ஆள் இல்ல. காது எட்டட்டும், இப்பவே எழுதிடறேன்.”

செல்வம் கையைத் தூக்கினான். மூன்று வாரத்தில் எலும்பு வளர்ந்துவிடுமா? அதே இரண்டு விரற்கடை. தலையைச் சாய்த்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. எஸ்தர் அம்மாவின் கண் என்மேலேயே இருந்தது.

அப்போது வகுப்பு விட்டு மல்லிகா வந்தாள். இரட்டைச் சடை, நீலப் பாவாடை. அவனைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. வாசற்படியில் நின்று, அவன் கை தலைமேல் இருப்பதையும், நாங்கள் மூன்று பேரும் நிற்பதையும் பார்த்தாள். அந்த முக்காலி நாளை அவள் மறந்திருக்கவில்லை.

மெதுவாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தன் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். அவனைப் பார்த்துப் பார்த்து, அவன் விரல்கள் எங்கே நின்றனவோ அதே இடத்தில், காதுக்கு இரண்டு விரற்கடை மேலே, தன் விரல்களையும் நிறுத்தினாள்.

“எனக்கும் எட்டல” என்றாள்.

“என்னடி இது? இங்க வந்த அன்னைக்கு எட்டிச்சே?” என்றார் எஸ்தர் அம்மா.

“இல்ல. எட்டல.”

“எட்டலன்னா நீயும் இங்க இருக்க முடியாது, தெரியுமில்ல? அங்க போய்ப் பால்தான் குடிக்கணும்.”

“சரி.”

கையை இறக்கவில்லை. அவனும் இறக்கவில்லை. இரண்டு பேரும் தலைமேல் கையோடு, தண்டனை வாங்கியவர்கள் போல நின்றார்கள். அவன் கால்சட்டைப் பையில் எண்ணெய்க் கறையோடு அந்தக் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

எஸ்தர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே அளவா எட்டலன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே வயசுன்னுதானே அர்த்தம்?” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு நோட்டை இழுத்து எழுதினார்.

மல்லிகா கையை இறக்கினாள். “சாப்டியாடா?” என்று கேட்டாள். அவன் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்த்து, ஊசிப்போயிருந்த அந்தச் சுண்டலைத் தூர எறிந்துவிட்டு, அவன் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் இழுத்துப் போனாள்.

நான் அங்கேயே நின்றேன். திரும்பிப் பார்ப்பான் என்று. தூண் வரைக்கும் போனார்கள். தூணைத் தாண்டினார்கள்.

வெள்ளிக்கிழமை

மறுநாள் லாரி வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினேன். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: “ஒனக்கு அண்ணன் அக்கா யாராச்சும் செதம்பரத்துல இருக்காங்களா?”

நாலாவது பிள்ளை, “அண்ணன்” என்றது. கீழே இறக்கி நிறுத்தினேன். பிறகு இன்னொன்று.

“இன்னாம்மா பண்றீங்க?” என்றார் ஆர்.ஐ.

“இவங்க ரெண்டு பேரும் ஏறல.”

அவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து என்னிடமே நீட்டினார். “உங்க கையெழுத்துதானே. நீங்களே அடிங்க.”

அந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்க மாதக்கணக்கில் அலைந்தேன். சேர்த்துவைத்தேன். அது வேறு கதை, நல்ல கதை. ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

கம்பியைப் பிடித்து நிற்பவர்கள்

செல்வத்தை நான் மறுபடி பார்க்கவில்லை.

போயிருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பஸ். போனால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம். பொங்கலுக்குப் போகலாம், பரீட்சை லீவுக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் அவர்கள் அம்மா, தாமதமாக வந்த ஏதோ ஒரு கப்பலில் வந்து சேர்ந்து, இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊருக்கென்று எஸ்தர் அம்மாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. “உங்க பையன் இப்ப அவள விட ஒசரம் டீச்சர்” என்று மட்டும் எழுதியிருந்தார். உங்கள் பையன் என்று எழுதியிருந்தார்.

அந்த உயரத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது அவனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். பஸ்ஸில் போகும்போது, மேல்கம்பியைப் பிடித்து நிற்கிற நெட்டையான பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன மாதம் சிதம்பரம் பஸ்ஸில் ஒருவரிடம் கேட்டேவிட்டேன்.

“தம்பி, உங்க பேரு செல்வமா?”

“இல்லம்மா, குமாரு.”

வெள்ளாற்றுப் பாலம் போயிற்று. அந்தப் பிள்ளை குனிந்து, கூட்டத்தில் யாரையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டது:

“அவரு எங்கம்மா எறங்கணும்?”

“தெரியலப்பா” என்றேன்.